கொதிக்கும் கொள்கலனுக்குள் காற்று வருமா?

பங்குனி உத்திரத்துக்குச் சரியாகப் பன்னிரண்டு நாள் இருந்தது. சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணி. ஒத்திகைக்காக மேளங்களை எடுக்கக் கொள்கலனின் கதவைத் திறந்தோம். உள்ளே இருந்து வந்த அனல் முகத்தில் அறைந்தது. கைப்பேசி வெளிச்சத்தில் பார்த்தபோது, எங்கள் குழுவின் மூத்த உருமியின் தோல் விளிம்போரமாக ஒரு சாண் நீளத்துக்குப் பிளந்திருந்தது.

யாரும் அதைத் தொடவில்லை, அடிக்கவில்லை. வெயில் மட்டுமே அந்த வேலையைச் செய்திருந்தது.

கிள்ளான் வட்டாரத்தில் ஒரு சிறிய தாமானில் இயங்கும் உருமி மேளக் குழு எங்களுடையது. படிவம் மூன்று மாணவர் முதல் வேலைக்குப் போகும் அண்ணன்மார் வரை பதினைந்து பேர். மேளங்களை வைக்க யார் வீட்டிலும் இடமில்லை. கோயிலுக்குப் பின்னால், பழைய 20 அடிக் கொள்கலன் ஒன்றை நிர்வாகத்தினர் எங்களுக்கு ஒதுக்கித் தந்தனர். கருநீல வண்ணம், இரும்புக் கதவு, நல்ல பூட்டு. திருட்டுப் பயம் இல்லை, மழை இறங்காது. வேறென்ன வேண்டும் என்றுதான் நினைத்தோம்.

தோல் வாத்தியம் வாசிக்கிற எவருக்கும் ஒன்று தெரியும். ஈரத்தில் தோல் தளரும், உலர்ந்தால் இறுகும். அதனால்தான் பறையை நெருப்பில் காய்ச்சி எடுத்துவிட்டு அடிக்கிறார்கள். ஆனால், காய்ச்சுவது சில நிமிடம்தான். எங்கள் உருமியோ வாரம் முழுவதும், பகல் முழுவதும் காய்ந்துகொண்டிருந்தது. இரவில் தளர்ந்து பகலில் இறுகி, மீண்டும் தளர்ந்து இறுகி, கடைசியில் பிளந்துவிட்டது.

“சோலார் விசிறி ஒன்று மாட்டிவிடலாம்” என்றார் ஓர் அண்ணன். எல்லாருக்கும் அது சரியாகவே பட்டது. அதன்பின் நான்கு மாதங்களில் நாங்கள் கற்றுக்கொண்டதை, கொட்டகையோ கேபினோ வைத்திருக்கும் ஒவ்வொரு பள்ளிக் கழகத்துக்கும் இளைஞர் மன்றத்துக்கும் பயன்படும் என்பதால் எழுதுகிறேன்.

சுழன்றது விசிறி, குறையவில்லை சூடு

இணையத்தில் வாங்கிய 20 வாட் விசிறியும், அதனுடன் வந்த சூரியத் தகடும் ஒரு வாரத்தில் வந்து சேர்ந்தன. கதவுக்கு எதிர்ப்பக்கச் சுவரின் மேற்பகுதியில் வட்டமாக ஓட்டை போட்டு, உள்ளே இருக்கும் காற்றை வெளியே தள்ளும்படி விசிறியைப் பொருத்தினோம். தகட்டில் வெயில் பட்டதும் இறக்கைகள் சுழன்றன. எல்லாரும் கைதட்டினோம்.

அடுத்த சனிக்கிழமை கதவைத் திறந்தோம். அதே அனல்.

எங்களில் போலிடெக்னிக்கில் மின்பொறியியல் படிக்கும் அக்கா ஒருவர், “பேசிப் பயனில்லை, அளந்து பார்ப்போம்” என்றார். சமையலறை வெப்பமானி மூன்று வாங்கினோம். ஒன்றை வெளியே மரநிழலில் தொங்கவிட்டோம். ஒன்றைக் கொள்கலனுக்குள் தலை உயரத்தில் வைத்தோம். இன்னொன்று உள்ளே, தரைக்கு ஒரு சாண் மேலே. பிற்பகல் இரண்டு மணிக்கு வெளியே நிழலில் 33 டிகிரி. விசிறியை நிறுத்திவைத்த நாளில், உள்ளே தலை உயரத்தில் 47. விசிறி ஓடிய நாளில் 46.

ஒரே ஒரு டிகிரி. அதற்குத்தான் அத்தனை கைதட்டல்.

காரணத்தைக் கண்டுபிடிக்க உதவியது ஓர் ஊதுபத்தி. வெளியே நின்று, விசிறியின் வாய்க்கு எதிரே புகையைக் காட்டினோம். கொள்கலனின் கதவு திறந்திருந்தபோது புகை வேகமாகச் சிதறியது. கதவை இறுக மூடியதும் விசிறியின் ஓசை மாறியது. புகை ஏறக்குறைய நேராகவே எழுந்தது. விசிறி சுழல்கிறது, ஆனால் காற்று நகரவில்லை. வெளியே போகும் காற்றுக்கு ஈடாக உள்ளே வரக் காற்றுக்கு வழியே இல்லை.

வாயை இறுக மூடிய போத்தலை உறிஞ்சிப் பாருங்கள். கொஞ்சம் வரும், அப்புறம் வராது. நாங்கள் செய்தது அதைத்தான்.

காற்றைத் தடுக்கவே பிறந்த பெட்டி

இதில் கொள்கலனைக் குறைசொல்ல முடியாது. அது செய்யப்பட்டதே அப்படித்தான்.

1956 ஏப்ரல் 26 அன்று, அமெரிக்காவின் நுவார்க் துறைமுகத்திலிருந்து ஹியூஸ்டனுக்கு ‘ஐடியல் எக்ஸ்’ என்ற கப்பல் 58 பெட்டிகளைச் சுமந்து புறப்பட்டது. அதன் பின்னால் இருந்தவர் லாரி நிறுவன முதலாளியான மால்கம் மெக்லீன். மூட்டை மூட்டையாகச் சரக்கை ஏற்றி இறக்குவதற்குப் பதிலாக, பெட்டியையே லாரியிலிருந்து கப்பலுக்கு மாற்றிவிடுவதுதான் அவரது திட்டம். இன்று கிள்ளான் துறைமுகம் மட்டுமே ஆண்டுக்கு ஒரு கோடிக்கும் அதிகமான 20 அடி அளவுப் பெட்டிகளுக்கு ஈடான சரக்கைக் கையாளுகிறது. கடலில் ஓடி ஓய்ந்த பெட்டிகள்தாம் கட்டுமானத் தளங்களில் அலுவலகமாகவும், கடையாகவும், எங்களுக்கு மேளக் கிடங்காகவும் வந்து சேர்கின்றன.

கடலில் உப்புநீர் உள்ளே புகக்கூடாது. அதனால் கதவைச் சுற்றி ரப்பர் பட்டை இருக்கும். சுவரும் கூரையும் இரண்டு மில்லிமீட்டர் அளவே தடிமனுள்ள எஃகுத் தகடுகள். மேல் மூலைகளில் சிறு பிளாஸ்டிக் மூடியுடன் சில துளைகள் இருப்பதைப் பார்க்கலாம். அவை உள்ளேயும் வெளியேயும் காற்றழுத்தம் சமமாவதற்கு உதவுமே தவிர, காற்றோட்டம் தரப் போதாது. காப்பிக்கொட்டை போன்ற, ஈரம் வெளியேற வேண்டிய சரக்குகளுக்குக் காற்றோட்டத் துளைகள் கொண்ட தனிவகைக் கொள்கலன்களே உண்டு. நம் கையில் கிடைப்பது பெரும்பாலும் சாதாரண வகைதான்.

கூரையில் விழும் வெயில் எவ்வளவு?

இயற்பியல் பாடத்தில் படித்த இரண்டு கணக்குகள் இங்கே போதும்.

முதல் கணக்கு, உள்ளே வரும் வெப்பம். 20 அடிக் கொள்கலனின் கூரை ஏறத்தாழ 6.06 மீட்டர் நீளம், 2.44 மீட்டர் அகலம். பரப்பு சுமார் 14.8 சதுர மீட்டர். தெளிவான வானத்தில் நண்பகல் வெயில் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 1,000 வாட் ஆற்றலைக் கொட்டுகிறது. ஆக, கூரையில் மட்டும் ஏறத்தாழ 15,000 வாட் விழுகிறது. வீட்டில் துணி தேய்க்கும் 1,000 வாட் இஸ்திரிப்பெட்டிகள் பதினைந்தைக் கூரைமேல் அடுக்கிவைத்தால் எப்படி இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

கருநீலம் போன்ற அடர்வண்ணம் அதில் பெரும்பகுதியை உறிஞ்சிக்கொள்ளும். உறிஞ்சியதில் அதிகப் பங்கு காற்றாலும் கதிர்வீச்சாலும் மீண்டும் வெளியே போய்விடும். மிச்சம் எஃகின் வழியே உள்ளே இறங்கும். இரண்டு மில்லிமீட்டர் எஃகு வெப்பத்தைத் தடுக்காது. நம் கணக்குக்கு, 2,000 வாட் உள்ளே இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம்.

இரண்டாவது கணக்கு, காற்று சுமந்து செல்லும் வெப்பம். ஒரு கன மீட்டர் காற்றை ஒரு டிகிரி சூடாக்க ஏறத்தாழ 1,200 ஜூல் தேவை. உள்ளே வரும் காற்று 33 டிகிரி, வெளியேறும்போது 38 டிகிரி என்றால், ஒவ்வொரு கன மீட்டரும் 6,000 ஜூலைத் தூக்கிச் செல்கிறது. வினாடிக்கு 2,000 ஜூலை வெளியேற்ற, வினாடிக்கு மூன்றில் ஒரு கன மீட்டர் காற்று வேண்டும். மணிக்கு 1,200 கன மீட்டர்.

கொள்கலனின் உட்கொள்ளளவு சுமார் 33 கன மீட்டர்தான். அப்படியென்றால், உள்ளே இருக்கும் காற்று முழுவதும் மணிக்கு 36 தடவை மாற வேண்டும். ஏறக்குறைய நூறு வினாடிக்கு ஒருமுறை.

இந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு கடைக்குப் போனால் ஏமாற மாட்டோம். கணினிக்குள் இருக்கும் 12 சென்டிமீட்டர் விசிறி மணிக்கு நூறு கன மீட்டர் அளவில்தான் தள்ளும். நம் தேவையில் அது பன்னிரண்டில் ஒரு பங்கு. பெட்டியின்மேல் ‘மணிக்கு 1,200 கன மீட்டர்’ என்று அச்சிட்டிருந்தாலும் அது எந்தத் தடையும் இல்லாத திறந்த வெளியில் அளந்த எண்ணாகவே பெரும்பாலும் இருக்கும். கம்பிவலை, மழைத்தடுப்புப் பலகை எல்லாம் வைத்தபின் அதில் பாதி கிடைத்தாலே பெரிது.

வெல்டர் கேட்ட கேள்வி

காற்று உள்ளே வர வழி வேண்டும். எங்கே, எவ்வளவு பெரிதாக?

சூடான காற்று மேலே எழும். ஆகவே வெளியேற்றும் விசிறி மேலே, நுழைவாய் கீழே. இரண்டும் எதிரெதிர் முனைகளில் இருக்க வேண்டும். பக்கத்துப் பக்கத்தில் வைத்தால், வந்த காற்று உடனே வெளியேறிவிடும். நடுவில் உள்ள அனல் அப்படியே கிடக்கும். அளவைப் பொறுத்தவரை, நுழைவாய் விசிறியின் வாயைவிடத் தாராளமாகப் பெரிதாக இருக்கட்டும். நாங்கள் இரு கதவுகளின் கீழ்ப்பகுதியிலும் 60க்கு 25 சென்டிமீட்டர் அளவில் ஒவ்வொரு திறப்பு வைத்தோம். கீழ்நோக்கிச் சாய்ந்த தகடுகள் மழையைத் தடுக்கும். உட்புறம் கம்பிவலை எலியையும் பூச்சியையும் தடுக்கும்.

எஃகை வெட்டுவது விளையாட்டு வேலையல்ல. மூலைத் தூண்களையும் மேல், கீழ்ச் சட்டங்களையும் தொடவே கூடாது. பெட்டியின் பாரத்தைத் தாங்குவது அவைதாம். உள்ளே தரை ஒட்டுப்பலகையால் ஆனது, தீப்பொறி விழுந்தால் பற்றும். மேளங்களை எல்லாம் வெளியேற்றிவிட்டு, நிர்வாகத்தின் அனுமதியோடு, தொழில் தெரிந்த ஒரு வெல்டரை அழைத்தோம்.

வந்தவர் வங்காளதேசத் தொழிலாளி. வேலையைத் தொடங்குமுன் கொள்கலனைச் சுற்றிவந்து பார்த்தார். பிறகு மலாயில் கேட்டார்: “இதற்குள் எத்தனை பேர் படுப்பீர்கள்?”

“யாரும் இல்லை. மேளம் வைக்க” என்றோம்.

“மேளத்துக்கா விசிறி?” என்று சிரித்தார். அப்புறம் சொன்னார்: முன்பு ஒரு கட்டுமானத் தளத்தில் இதே போன்ற பெட்டிக்குள் அவர் மற்றவர்களோடு படுத்திருக்கிறார். வேலை முடிந்து வந்ததும் கோணிச் சாக்குகளை நனைத்துக் கூரைமேல் விரிப்பார்களாம். “அடிக்கிற வெயிலை விசிறி என்ன செய்யும்? முதலில் கூரையை மூடுங்கள்” என்றார்.

நாங்கள் அதைக் காதில் வாங்கினோம். மனத்தில் வாங்கவில்லை. திறப்புகளை வெட்டி முடித்ததும், பணத்தைக் கொடுத்து அனுப்பிவிட்டோம்.

‘12 வோல்ட்’ என்ற பொறி

திறப்புகள் வைத்தபின் அளந்தோம். வெளியே 33 டிகிரியாக இருந்த நாளில் உள்ளே 40. ஏழு டிகிரி குறைந்துவிட்டது. மீண்டும் கைதட்டல். பத்தாவது நாள் விசிறி நின்றுபோனது.

அக்கா மல்டிமீட்டரைக் கொண்டுவந்தார். விசிறி 12 வோல்ட், தகடும் 12 வோல்ட் என்றுதான் எழுதியிருந்தது. ஆனால் ‘12 வோல்ட்’ சூரியத் தகடு என்பது 12 வோல்ட் மின்கலத்தை மின்னேற்றத் தகுந்த தகடு என்று பொருள்படுமே தவிர, 12 வோல்ட் தரும் தகடு என்றல்ல. நல்ல வெயிலில் அது 18 வோல்ட் அளவில் இயங்கும். எதனுடனும் இணைக்காமல் அளந்தால் 21, 22 வோல்ட் காட்டும். 12 வோல்ட்டுக்குச் செய்த விசிறியின் உள்ளே இருக்கும் மின்சுற்று அதைத் தாங்கவில்லை.

புதிய விசிறிக்கும் தகட்டுக்கும் நடுவே, மின்னழுத்தத்தை 12 வோல்ட்டில் நிலைநிறுத்தும் சிறு கருவி ஒன்றை வைத்தோம். கம்பியில் ஒரு ஃபியூசும் சேர்த்தோம். தகட்டையும் 40 வாட்டாக மாற்றினோம். 20 வாட் விசிறிக்கு ஏன் 40 வாட் தகடு? மேகம் மூடினாலும், காலை வெயில் சாய்வாக விழுந்தாலும் விசிறி ஓட வேண்டும். அதோடு, சூரியத் தகடு சூடாகச் சூடாகத் திறன் இழக்கும். சிலிக்கான் தகட்டில் ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறத்தாழ 0.4 விழுக்காடு குறையும். தகட்டின் திறனை அளப்பது 25 டிகிரியில். நம் வெயிலில் தகடு 65 டிகிரிக்குப் போனால் 16 விழுக்காடு போய்விடும். எனவே தகட்டைக் கூரையோடு ஒட்டிவைக்காமல், அடியில் காற்றுப் போகுமாறு உயர்த்தி வைக்க வேண்டும். நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருக்கும் நமக்குத் தகடு ஏறக்குறையப் படுத்தே இருக்கலாம். மழைநீர் தூசியைக் கழுவிக்கொண்டு வழிய, பத்து டிகிரி சாய்வு போதும்.

மின்கலம் வைக்கலாமா என்றும் யோசித்தோம், தேவைப்படவில்லை. வெயில் அடிக்கும்போதுதான் கொள்கலன் கொதிக்கிறது. வெயில் அடிக்கும்போதுதான் விசிறியும் ஓடுகிறது. வெயில் கூடினால் விசிறியின் வேகமும் கூடும். சூரிய விசிறிக்கும் கொள்கலனுக்கும் உள்ள இந்தப் பொருத்தம்தான் அதன் உண்மையான பலம்.

நிழல் செய்த வேலை

ஆனாலும் 40 டிகிரி என்பது தோலுக்கு அதிகம்தான். இதற்குமேல் குறைக்க இன்னொரு விசிறி வேண்டுமா?

அப்போதுதான் ஒன்று புரிந்தது. வெளிக்காற்றைக் கொண்டு குளிர்விக்கும் எந்த விசிறியாலும், எத்தனை விசிறியாலும், வெளிக்காற்றைவிடக் குளிர்ச்சியைத் தர முடியாது. வெளியே 33 என்றால் உள்ளே 33தான் எல்லை. அந்த எல்லையை நெருங்க நெருங்கச் செலவு ஏறும். ஏழு டிகிரி வித்தியாசத்தைப் பாதியாக்க விரும்பினால் காற்றை இருமடங்காக்க வேண்டும். அதோடு, கூரை கொதித்துக்கொண்டே இருந்தால், அதிலிருந்து இறங்கும் கதிர்வீச்சு வெப்பம் காற்றைப் பொருட்படுத்தாது. அது நேராகத் தோலின்மீதும் தலையின்மீதும் விழும்.

வெல்டர் சொன்னது நினைவுக்கு வந்தது. வெப்பத்தை உள்ளே விட்டு அதை வெளியேற்றப் பாடுபடுவதைவிட, உள்ளேயே விடாமல் தடுப்பது எளிது.

கோயிலில் மிச்சமிருந்த ஜிங்க் தகடுகளைக் கொண்டு, கொள்கலன் கூரைக்கு மேலே ஒரு முழ இடைவெளி விட்டு இன்னொரு கூரை போட்டோம். மேற்குப் பக்கம் கொஞ்சம் நீட்டிவிட்டோம், பிற்பகல் வெயில் அங்கேதான் அடிக்கிறது. இடைவெளி முக்கியம், தகட்டை ஒட்டிப் போட்டால் சூடு நேராக இறங்கிவிடும். கொள்கலனின் வெளிப்புறத்துக்கு வெள்ளை அடித்தோம். வெள்ளைப் பூச்சு வெயிலின் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும்.

பிறகு விசிறியை வேண்டுமென்றே நிறுத்திவைத்து ஒரு நாள் அளந்தோம். வெளியே மீண்டும் 33. உள்ளே 38. அடுத்த நாள் விசிறியை ஓடவிட்டோம். உள்ளே 35.

அறிவியல் பாடத்தில் ‘ஒரு நேரத்தில் ஒரு மாறியை மட்டும் மாற்று’ என்று ஆசிரியர் சொல்வது ஏன் என்று அன்று விளங்கியது. திறப்புகளோடு விசிறி மட்டும் குறைத்தது ஏழு டிகிரி. விசிறி இல்லாமல் நிழலும் வெள்ளையும் குறைத்தது ஒன்பது. இரண்டும் சேர்ந்து பன்னிரண்டு. மின்சாரமே தேவைப்படாத பகுதிதான் பெரிய பகுதியாக இருந்தது. அதை நாங்கள் கடைசியில் செய்தோம்.

உள்ளே பெய்யும் மழை

இன்னொரு தொல்லையையும் சொல்ல வேண்டும். தொடக்கத்தில் சில நாள் விடியற்காலையில் கதவைத் திறந்தால், கூரையின் உட்புறம் முத்து முத்தாக நீர் நிற்கும். மேளத்தின் மேல் சொட்டியிருக்கும். கூரை ஒழுகுகிறது என்று நினைத்துத் துளையைத் தேடினோம். துளையே இல்லை.

30 டிகிரியில், 80 விழுக்காட்டு ஈரப்பதத்தில், ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 24 கிராம் நீராவி இருக்கும். 33 கன மீட்டர் கொள்கலனில் ஏறத்தாழ 800 கிராம், அதாவது முக்கால் லிட்டருக்கும் மேல். இரவில் எஃகுக் கூரை வானத்தை நோக்கி வெப்பத்தை இழந்து, சுற்றியுள்ள காற்றைவிடவும் குளிர்ந்துவிடும். 23 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்றால் 20 கிராம் சொச்சம் நீராவியைத்தான் வைத்திருக்க முடியும். மிச்சம் கூரையில் நீராகிறது. பகல் சூட்டில் பலகை, அட்டைப்பெட்டி, துணி, தோல் எல்லாம் வெளியிடும் ஈரமும் இதில் சேரும். கப்பல் சரக்குத் துறையில் இதைக் கொள்கலன் மழை என்றே சொல்வார்கள்.

பகலில் மட்டும் ஓடும் விசிறி இங்கேயும் உதவியது. பொருள்களிலிருந்து கிளம்பும் ஈரத்தை இரவு வருமுன்பே வெளியேற்றிவிடுகிறது. மேற்கூரை போட்டபின் கொள்கலனின் கூரை இரவு வானத்தை நேராகப் பார்ப்பதில்லை. அதனால் அவ்வளவாகக் குளிர்வதும் இல்லை. சொட்டுவது ஏறக்குறைய நின்றுவிட்டது. மேளங்களைத் தரையிலும் சுவரிலும் ஒட்டாமல் மரச்சட்டத்தின் மேல் வைக்கிறோம்.

மேளத்துக்கு 35 போதும், மனிதருக்கு?

வெல்டரின் சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. மேளத்துக்கு இவ்வளவு பார்த்தோம். உள்ளே மனிதர் இருந்தால்?

நம் நாட்டில் பதிவான மிக உயர்ந்த வெப்பநிலை 40.1 டிகிரி. பெர்லிஸ் மாநிலத்தின் சுப்பிங்கில் 1998 ஏப்ரல் 9ஆம் நாள் பதிவானது. அந்தச் சாதனையை எங்கள் கொள்கலன் சாதாரணச் சனிக்கிழமைகளில் ஏழு டிகிரி வித்தியாசத்தில் முறியடித்துக்கொண்டிருந்தது. வெளியே மூன்று நாள் தொடர்ந்து 35 டிகிரியைத் தொட்டாலே வானிலை ஆய்வுத் துறை முதல்நிலை வெப்ப எச்சரிக்கை விடுகிறது.

நம் தோலின் வெப்பநிலை ஏறத்தாழ 35 டிகிரி. காற்று அதைவிடச் சூடாகிவிட்டால், விசிறிக் காற்று உடலிலிருந்து வெப்பத்தை எடுப்பதற்குப் பதிலாக உடலுக்குள் சேர்க்கத் தொடங்கும். வியர்வை உலர்வது ஒன்றே துணை. ஈரப்பதம் நிறைந்த நம் காற்றில் அதுவும் மெதுவாகத்தான் நடக்கும். ஆகவே ‘சோலார் விசிறி மாட்டியாயிற்று, இனி ஆள் இருக்கலாம்’ என்று எவரும் நினைக்கக் கூடாது. விசிறி நின்றுபோன நாளில் அது வெறும் இரும்புப் பெட்டிதான். எங்கள் குழுவில் இப்போது ஒரு விதி உண்டு: கதவைத் திறந்து பத்து நிமிடம் கழித்தே உள்ளே நுழைவது, ஒருபோதும் தனியாக நுழைவதில்லை. யாராவது குழப்பமாகப் பேசினாலோ தடுமாறினாலோ உடனே நிழலுக்குக் கொண்டுபோய், உடலை நனைத்து, 999ஐ அழைக்க வேண்டும்.

தொழிலாளர் தங்குமிடங்களுக்குச் சட்டம் இருக்கிறது. 1990ஆம் ஆண்டின் 446ஆம் சட்டம் குறைந்தபட்ச வீட்டு வசதித் தரத்தை வகுக்கிறது. நம் தாத்தா பாட்டிமார் வாழ்ந்த தோட்டப்புற வீடுகளுக்கும் பொருந்திய சட்டம் அது. 2019இல் திருத்தப்பட்டு, 2020 ஜூன் 1 முதல் மற்றத் துறைகளின் தொழிலாளர் தங்குமிடங்களுக்கும் விரிந்தது. முதலாளி தரும் தங்குமிடத்துக்குத் தொழிலாளர் இலாகாவின் சான்றிதழ் வேண்டும். நாளை நீங்கள் பொறியாளராகவோ தள மேற்பார்வையாளராகவோ ஒரு கேபினைப் பார்க்கும்போது, உங்களால் சில கேள்விகள் கேட்க முடியும்: கூரைக்கு மேல் நிழல் இருக்கிறதா? காற்று எந்த வழியாக உள்ளே வருகிறது? பிற்பகல் இரண்டு மணிக்கு உள்ளே எத்தனை டிகிரி?

நீங்களும் அளந்து பாருங்கள்

உங்கள் பள்ளியில் விளையாட்டுப் பொருள் கிடங்கு, பழைய புத்தக அறை, சாரணர் கொட்டகை ஏதாவது ஒன்று நிச்சயம் இருக்கும். அறிவியல் கழகச் செயல்திட்டத்துக்கு இதைவிட மலிவான ஆய்வுக்கூடம் கிடைக்காது.

வெப்பமானி மூன்று போதும். ஒரு வாரம், தினமும் ஒரே நேரத்தில் அளந்து குறித்துவையுங்கள். அதன்பிறகு இந்த வரிசையில் செல்லுங்கள். முதலில் நிழலும் வெளிர்வண்ணமும். இரண்டாவதாகக் கீழே ஒரு வழி, எதிர்முனையில் மேலே ஒரு வழி. மூன்றாவதாகத்தான் விசிறி. ஒவ்வொன்றுக்குப் பிறகும் மறுபடி ஒரு வாரம் அளவெடுங்கள். விசிறி வாங்குவதற்கு முன்பே உங்கள் கொட்டகைக்கு அது தேவையில்லை என்று தெரிய வந்தாலும் வியப்பதற்கில்லை.

எங்கள் உருமிக்குப் புதுத் தோல் கட்டினோம். அந்தப் பங்குனி உத்திரத்துக்கு இரவல் மேளத்தோடுதான் போனோம். ஆனால் தீபாவளிக்கு எங்கள் உருமியே முழங்கியது.

வெல்டரின் கைப்பேசி எண் எங்களிடம் இருந்தது. மேற்கூரை போட்டு முடித்ததும் படம் எடுத்து, பக்கத்தில் 38 என்றும் 35 என்றும் எழுதி அவருக்கு அனுப்பினோம். ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது. தாம் இப்போது தங்கியிருக்கும் கேபினின் கூரை அளவை அனுப்பியிருந்தார். எத்தனை தகடு தேவைப்படும் என்று கணக்குப் போட்டுத் தர முடியுமா என்று கேட்டிருந்தார். அன்று இரவே அக்கா கணக்குப் போட்டு அனுப்பினார்.